மூட்டையைத் தூக்கவா, வேண்டாமா? பப்ளிக் இன்ஃபோபஞ்சிரோடு நான்கு மழைக்காலம்

எங்கள் மளிகைக் கடை மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில், ஆற்றுப் பக்கம் சரியும் சாலையில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான். கடைக்குப் பின்னால் லோங்காங், அதாவது வடிகால்; அதற்குப் பின்னால் செம்பனை (எண்ணெய்ப் பனை), செம்பனையைத் தாண்டினால் சிலாங்கூர் ஆறு. வருடக் கடைசியில் மழை பிடித்துவிட்டால் எனக்கு ஒரே கேள்விதான்: மூட்டையைத் தூக்கவா, வேண்டாமா?

தூக்குவது லேசான வேலை இல்லை. பத்துக் கிலோ அரிசிப் பை மட்டும் எழுபது இருக்கும். சீனி, கோதுமை மாவு, பருப்பு, கொசுவர்த்திப் பெட்டி என்று தரையோடு கிடப்பதை எல்லாம் மார்பளவுப் பலகைக்கு ஏற்ற எனக்கும் தம்பிக்கும் இரண்டு மணி நேரம் வேண்டும். வீணாகத் தூக்கினால் முதுகு போகும். தூக்காமல் விட்டால் முதல் போகும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் நான்கு மழைக்காலமாக ஓர் அரசாங்க இணையப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன். கடைக்கு வருகிற நம் ஆட்களில் பத்துக்கு எட்டுப் பேர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பக்கத்தின் பெயர் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர். வடிகால் நீர்ப்பாசனத் துறை, அதாவது ஜேபிஎஸ், நடத்துவது. காசு இல்லை, பதிவு செய்ய வேண்டியதில்லை. மலாயும் ஆங்கிலமும்தான், தமிழ் இல்லை. ஆனால் மாநிலத்தைத் தொட்டு, ஆற்றின் பெயரைக் கண்டுபிடித்து, நிறத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும். பால்மரம் (ரப்பர்) வெட்டிய என் அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அவரே பார்க்கிறார்.

உள்ளே நிறைய இருக்கிறது. எனக்கு வேண்டியது இரண்டே அட்டவணை.

முதலாவது ஆற்று மட்டம். ஒவ்வொரு வரியிலும் நிலையத்தின் பெயர், மாவட்டம், எந்த ஆற்றுப் படுகை, கடைசியாக எத்தனை மணிக்கு அளந்தது, இப்போது எத்தனை மீட்டர் என்று இருக்கும். அதன் பக்கத்தில் நான்கு அளவுகள்: நோர்மல் (வழக்கமான மட்டம்), வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து). தண்ணீர் எந்த அளவைத் தொடுகிறதோ அந்த நிறம் வரும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. நான் பார்ப்பது சிலாங்கூர் ஆற்றின் ரந்தாவ் பாஞ்சாங் நிலையம். எங்கள் ஊருக்குச் சற்று மேலே இருப்பது. அங்கே ஏறினால் கொஞ்ச நேரத்தில் இங்கே ஏறும். இப்படி உங்கள் ஊருக்கு மேலே இருக்கிற நிலையம் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மழை இல்லாத ஒரு நாளில் சாவகாசமாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு தேடினால் கை நடுங்கும், பெயர் எதுவும் கண்ணில் படாது. சில நிலையங்களுக்குக் கேமரா படமும் உண்டு. எண்ணில் நம்பிக்கை வராதவர்கள் தண்ணீரையே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது மழை அட்டவணை. எந்த நிலையத்தில் மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று காட்டும். 1 முதல் 10 வரை லேசான மழை, 11 முதல் 30 வரை மிதமானது, 31 முதல் 60 வரை கனமழை, 60-ஐத் தாண்டினால் மிகக் கனமழை. இது ஜேபிஎஸ் வைத்திருக்கும் கணக்கு.

மில்லிமீட்டர் என்றால் எங்கள் வீட்டுக்குப் பழைய உறவு. அப்பா தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தார். ஆபீஸ் முன்னால் புல்தரையில், மரநிழலும் கூரைச் சாரலும் படாத இடத்தில், வேலி போட்டு ஒரு செம்பு மழைமானி நின்றது. காலை ஏழு மணிக்கு அதைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் சாய்ப்பார். அப்புறம் முழங்காலை மடக்கிக் குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்ப்பார். மேலிருந்து பார்த்தால் கணக்குத் தப்பும் என்பார். அந்த எண் மழைப் புத்தகத்தில் ஏறும். மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை, அன்றைக்குக் கூலியும் இல்லை. மழைக்கணக்கும் சம்பளக்கணக்கும் லயத்து வீடுகளில் ஒரே கணக்காக இருந்த காலம் அது.

அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்று இன்றும் உதவுகிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் கடைக் கூரை ஏறக்குறைய நூறு சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் என்றால் கூரையிலிருந்து மட்டும் 6,000 லிட்டர் அந்தச் சின்ன லோங்காங்கில் இறங்க வேண்டும். பின்னால் இருக்கும் செம்பனையில் ஒரு ஹெக்டருக்கு ஆறு லட்சம் லிட்டர். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் எங்கள் ஊர் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. எத்தனை ஹெக்டர் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனையும் வடிந்து போய்ச் சேர இருப்பது ஒரே ஆறு.

சரி, இந்தப் பக்கம் எனக்கு எப்படித் தெரிய வந்தது, ஒரு புயல் இரவில் எப்படி உதவியது என்று சொல்கிறேன்.

2021 டிசம்பர் வரை எங்கள் வீட்டில் வெள்ளம் என்றால் கிளந்தான், திரெங்கானு என்றுதான் பேச்சு. வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை அடிக்கும், நடுவில் மலை இருக்கிறது, நமக்கு ஒன்றும் வராது என்று அப்பா காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. அந்த டிசம்பரில் தென்சீனக் கடலில் உருவான ஒரு தாழ்வு மண்டலம் 16-ஆம் தேதி பகாங் பக்கம் கரையேறி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. காற்றும் பெரிதாக இல்லை. 17 வெள்ளிக்கிழமை பிடித்த மழை 18 சனிக்கிழமையும் விடவில்லை.

என் அக்கா ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கிறார். சனிக்கிழமை மாலை போன் செய்து, "தண்ணி கேட்டுக்கிட்ட வந்துருச்சு, வடிஞ்சிரும்னு நினைக்கிறேன்" என்றார். அதைத்தான் நானும் சொன்னேன். மழை லேசாகக் குறைந்திருந்தது. குறைந்த மழையைப் பார்த்து இரண்டு பேரும் ஏமாந்தோம். ராத்திரி பதினொரு மணிக்குள் கீழ்த்தளம் முழுகிவிட்டது. அக்காவும் மாமாவும் பிள்ளைகளும் மேல்மாடியில், கையில் இரண்டு பாக்கெட் பிஸ்கட், பாதி சார்ஜ் உள்ள ஒரு போன். உதவிக்கு யார் யாரையோ அழைத்தோம், எந்த எண்ணும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை காலை முகம் தெரியாத இளைஞர்கள் சொந்தப் படகில் வந்து இறக்கினார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அக்கா வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் நெற்றிக்கு மேலே இருந்தது. வெள்ளையடித்த பிறகும் எனக்கு அந்தக் கோடு எங்கே என்று தெரியும்.

பிறகு அக்கா மகன்தான் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான். "சின்னம்மா, புயலுக்குப் பேர் இருக்கா இல்லையான்னு பார்க்காதீங்க, ஆத்தைப் பாருங்க" என்றான். நான் இந்த நான்கு வருடத்தில் கற்றுக்கொண்டது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

புயலுக்குத் தரம் போடுவது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 63 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் அது தாழ்வு மண்டலம். அதைத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். மழை எவ்வளவு கொட்டும் என்பது வேறு கணக்கு. எவ்வளவு ஈரத்தைச் சுமந்து வருகிறது, எவ்வளவு மெதுவாக நகர்கிறது, மலையில் போய் முட்டுகிறதா என்பதைப் பொறுத்தது. "பலவீனமான புயல்" என்று செய்தியில் கேட்டதும் நாம் பெருமூச்சு விடுகிறோம். அந்தச் சொல் காற்றைப் பற்றியது. கூரை பறக்காது என்றுதான் அதற்கு அர்த்தம். மூட்டை நனையாது என்று யாரும் சொல்லவில்லை.

நம் பக்கம் புயலே வராது என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம். பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரிக்குள் காற்றைச் சுழல வைக்கும் விசை மிகக் குறைவு, அதனால் இங்கே புயல் உருவாவது அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் 2001 டிசம்பர் 27-இல் வாமெய் புயல் ஏறக்குறைய ஒன்றரை டிகிரியில் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. 2025 நவம்பரில் செஞ்யார் மலாக்கா நீரிணையிலேயே உருவானது. நீரிணை என்றால் எங்களுக்குக் கோலசிலாங்கூர் போய் மீன் சாப்பிட்டுவிட்டு எட்டிப் பார்க்கிற தண்ணீர். அங்கிருந்து புயல் வரும் என்று யார் கனவு கண்டார்கள்?

செஞ்யார் முதலில் 26-ஆம் தேதி சுமத்ராவின் ஆச்சே பக்கம் கரையேறியது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் மறுகரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்ணீர் வராமல் அந்தப் படங்களைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் கிழக்கே திரும்பி, வலுக்குறைந்து, 27 வியாழன் இரவு தாண்டி 28 வெள்ளி பிறந்த நேரத்தில் எங்கள் சிலாங்கூர் கரைக்கு வந்தது.

வியாழக்கிழமை மதியமே கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது. மெழுகுவர்த்தி, மெகி, பேட்டரி என்று கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். திருக்கார்த்திகைக்கு ஆறு நாள்தான் இருந்தது. அகல் விளக்கும் திரியும் கற்பூரமும் பொரியும் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகக் கீழேயே அடுக்கியிருந்தேன். மண் விளக்கு நனைந்தால் காய வைக்கலாம். பொரியும் கற்பூரமும் போனால் போனதுதான்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பிடித்த மழை ஒரே சீராகப் பெய்தது. இடி இல்லை. எங்கள் ஊரில் சாயங்கால மழை என்றால் அரை மணி நேரம் இடித்துக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இது ஓயாமல் நூல் பிடித்த மாதிரி இறங்கியது. எட்டு மணிக்கு வேலிக் கம்பத்தில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் மழைமானியை டார்ச் அடித்துப் பார்த்தேன். 24 மில்லிமீட்டர். லோங்காங்கில் ஒரு பழைய கம்பி நட்டு, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாவது கோட்டில் தண்ணீர். ஒன்பதாவது கோடு கடைத் தரை.

பதினொரு மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு குரல் பதிவு வந்தது. மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம், இன்னும் ஒரு மணி நேரத்தில் பெர்ஜுந்தை முழுகுமாம். யார் சொன்னது என்று இல்லை. குரலில் பதற்றம் மட்டும் நிறைய இருந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் அதே பதிவு எட்டுப் பேரிடமிருந்து வந்தது. எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, "தங்கச்சி, வயசான ஆளை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? நீ சொல்லு, போறதா இருக்கிறதா?" என்று கேட்டார். தாத்தாவுக்குப் பக்கவாதம். அந்த மழையில் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றுவது சாதாரண காரியமா?

பக்கத்தைத் திறந்தேன். ரந்தாவ் பாஞ்சாங் மட்டம் ஏறுமுகம்தான், ஆனால் மெதுவான ஏறுமுகம். அணைத் தண்ணீர் வந்திருந்தால் அப்படி ஏறாது, தாவும். பக்கத்தில் போட்டிருந்த நேரத்தைப் பார்த்தேன், சற்று முன் அளந்ததுதான். பிறகு மழை அட்டவணையில் கோலகுபு பாரு, பத்தாங் காலி, ரவாங் பக்கத்து நிலையங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கள் ஆறு அந்த மலைகளிலிருந்துதான் வருகிறது. மணிக்கணக்கில் எல்லாம் சின்ன எண்கள். பாட்டியிடம், "இப்போதைக்கு இருங்க பாட்டி, துணிமணி, மருந்து, அடையாள அட்டை எல்லாம் ஒரு பையில் கட்டி வாசலில் வையுங்க, நான் தூங்க மாட்டேன், மஞ்சள் வந்தால் நானே வந்து கூப்பிடுவேன்" என்றேன்.

ஒரு மணிக்குக் காற்று கொஞ்சம் எழுந்தது. தென்னை மட்டை ஒன்று விழுந்தது. அவ்வளவுதான். புயல் கரையேறிவிட்டது என்று செய்தி வந்ததும் தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. போய்விட்டது, தூங்கலாம் என்ற நிம்மதி. எனக்கு அந்த நேரம்தான் பயம். 2021-இல் அக்காவும் நானும் ஏமாந்தது இதே இடத்தில்தான். மலையில் பெய்தது ஆற்றில் இறங்கி இங்கே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். நம் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதுகூட ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம்.

அதனால் அரை மணிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொண்டேன். இந்தப் பக்கத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு நான் சொல்லும் மிக முக்கியமான விஷயம் இதுதான்: ஓர் எண்ணைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். மூன்று எண் வேண்டும். 2.10, 2.16, 2.22 என்று போனால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. 2.10, 2.30, 2.65 என்று போனால் நிறம் இன்னும் பச்சையாக இருந்தாலும் எழுந்துகொள்ளுங்கள். நிறம் இப்போது எங்கே நிற்கிறது என்று காட்டும், எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை நீங்கள்தான் கழித்துப் பார்க்க வேண்டும். கடைக் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கம் போதும்.

மூன்று மணிக்கு லோங்காங்கில் ஆறாவது கோடு. தம்பியை எழுப்பினேன். முழுவதையும் தூக்கவில்லை. தரையோடு இருந்த கடைசி வரிசை, மாவு, பொரி, கற்பூரம் மட்டும் ஏற்றினோம். நாற்பது நிமிடம். அரிசியை விட்டுவிட்டேன். அந்த முடிவுக்கு அம்மா சொன்ன ஒரு காரணமும் உண்டு. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு அஷ்டமி, கடல் ஏறாதுடா" என்றார். மீன்காரர்களிடம் பழகி வந்த அறிவு அது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும். அப்போது கோலசிலாங்கூர் முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியேற வழி குறையும். அஷ்டமியில் ஏற்றம் சிறிது, தண்ணீர் வடியும். பிறகு நான் தேடிப் பார்த்தேன்: 2021 டிசம்பர் 19 பௌர்ணமி. அக்கா வீடு முழுகியது அதற்கு முந்தின இரவு. அன்றிலிருந்து அலை அட்டவணையையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

விடிந்து எட்டரை மணிக்கு எட்டாவது கோட்டைத் தண்ணீர் தொட்டது. ஒரு மணி நேரம் அப்படியே நின்றது. அப்புறம் மெல்ல இறங்கியது. கடை நனையவில்லை. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சிலாங்கூரின் வேறு இடங்களில் நிவாரண மையத்துக்குப் போன குடும்பங்கள் உண்டு, எங்கள் சரக்கு லோரி வருகிற வழியிலேயே சாலையில் தண்ணீர்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது.

வானிலைத் துறையான மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலி போனில் இருக்க வேண்டும். முன்கூட்டி எச்சரிப்பது அதன் வேலை. இடிமழை எச்சரிக்கை என்றால் மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல், ஒரு மணி நேரத்துக்கு மேல் பெய்யக்கூடும் என்று பொருள். ஒரு தடவை விட்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. விடாமழைக்குத் தனி எச்சரிக்கை: வஸ்பாடா, புரோக் (மோசம்), பஹாயா என்று மூன்று படி. இங்கேதான் பலருக்கும் குழப்பம். வஸ்பாடா என்ற சொல் மெட்மலேசியாவிலும் இருக்கிறது, ஜேபிஎஸ்ஸிலும் இருக்கிறது, இரண்டும் மஞ்சள்தான். ஆனால் மெட்மலேசியாவின் மஞ்சள் இனிமேல் பெய்யப்போகிற மழையைச் சொல்கிறது. ஜேபிஎஸ்ஸின் மஞ்சள் இந்த நிமிடம் ஆற்றில் நிற்கிற தண்ணீரைச் சொல்கிறது. முதலாவது வந்தால் நான் பெட்டிகளுக்கு இடம் ஒதுக்குகிறேன். இரண்டாவது வந்தால் தூக்குகிறேன்.

விண்டி என்ற வானிலை வரைபடச் செயலி பார்ப்பதற்கு அழகு. ஐரோப்பிய, அமெரிக்கக் கணினிக் கணிப்பு மாதிரிகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே கோட்டைப் போடுகிற நாள் குறைவு, அதுவும் புயல் வலுக்குறைந்து கலையும்போது நடு எங்கே என்று சொல்வதே கடினம். இரண்டு மூன்று நாளைக்கு முன்னால் ஏதோ வருகிறது என்று தெரிந்துகொள்ள நல்லது. கோடு நம் ஊரைத் தொடவில்லை என்பதற்காக நிம்மதி அடையக் கூடாது. மழை கோட்டின் மேல் மட்டும் பெய்வதில்லை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்து பெய்யும்.

காசு கட்டி வாங்கிய ஒரு வெளிநாட்டு மழைச் செயலியும் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். செஞ்யார் இரவில் "பன்னிரண்டு நிமிடத்தில் மழை நிற்கும்" என்று ஐந்து முறை சொன்னது. அதை நம்பியிருந்தால் தூங்கியிருப்பேன். ரேடார் படத்தில் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அதே திசையில் தள்ளிக் கணக்குப் போடுவது அதன் முறை. சாதாரண சாயங்கால மழைக்கு அது சரியாக வரும். சுழலும் மேகத்தில் ஒன்று நகர்ந்த இடத்திலேயே புதிதாக இன்னொன்று கிளம்புகிறது, அதை எப்படித் தள்ளிக் கணக்குப் போடுவது? சந்தாவை நிறுத்திவிட்டேன். மழைமானி இணையத்தில் 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. நான்கு மாதத்தில் வெயிலில் கோடுகள் அழிந்தன. ஆணியால் கீறி, நகப்பூச்சு தடவி இப்போது ஓடுகிறது. வாங்குங்கள், ஆனால் அச்சடித்த கோட்டை நம்பாமல் முதல் நாளே கீறி வையுங்கள்.

இன்ஃபோபஞ்சிரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆற்றில் நிற்கும் கருவி எதுவானாலும் பெருவெள்ளத்தில் பழுதாகலாம், மின்சாரம் போகலாம். அதனால் மட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அளந்த நேரத்தைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு முந்தின எண் என்றால் அது எண்ணே இல்லை. பக்கத்து நிலையத்துக்குப் போங்கள். இன்னொன்று, ஆற்றுக்குத்தான் மானி, உங்கள் வீட்டு லோங்காங்குக்கு இல்லை. குப்பை அடைத்து தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) வருகிற திடீர் வெள்ளம் இந்தப் பக்கத்தில் தெரியாது. அதற்குக் கம்பி நட்டுச் சிவப்புக் கோடு போடுவதுதான் வழி, பெயிண்ட் டப்பா பத்து வெள்ளிக்குள் முடியும். தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டால் பக்கத்தை மூடிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, 999-ஐ அழையுங்கள்.

இவ்வளவையும் வைத்து, ஆற்று மட்ட அட்டவணைக்கு ஐந்துக்கு ஐந்து. தமிழ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏழெட்டு மலாய்ச் சொல், அதுவும் நமக்குத் தினமும் காதில் விழுகிற சொற்கள்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மழைமானி 61 காட்டியது. கடை வாசலில் விலை எழுதுகிற கரும்பலகையில் வெங்காய விலைக்குக் கீழே எழுதினேன்: மழை 61, ஆறு ஏறுகிறது, பச்சை. பால் வாங்க வந்தவர்கள் நின்று படித்தார்கள். எதிர்வீட்டுப் பாட்டி வந்து, "பையைப் பிரிக்கவா?" என்று கேட்டார். மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும் பாட்டி என்றேன். இப்போது மழை நாள் காலையில் பலகையில் எண் இல்லை என்றால் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள்.